சனிக்கிழமை கைக்கு வந்தது எவ்வளவு?

திருப்பூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. அண்ணாச்சி கடையை மூடிவிட்ட செய்தி உனக்கும் எட்டியிருக்கும். அதை நேரில் பேசிக்கொள்வோம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

"கிளாஸ்டோர் இருக்கிறது, ஆம்பிஷன்பாக்ஸ் இருக்கிறது, பேஸ்கேல் இருக்கிறது, சம்பளத்தை ஒப்பிட இத்தனை தளங்கள் இருக்கும்போது நீ எதற்குப் புதிதாக ஒன்று?" என்று கேட்டிருந்தாய். விடுதிக்கு எதிரே இரண்டாவது மெஸ் திறந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு, மறுவாரமே அங்கே முதல் பந்தியில் உட்கார்ந்தவன் நீ என்பதை நம் நண்பன் மணி இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். ஆனாலும் உன் கேள்வி நியாயமானது. அதற்கு முழுமையாகப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்தத் தளங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். பெங்களூருக்குப் போகும் மென்பொருள் பொறியாளர் ஒருவர் தன் மதிப்பு என்ன என்று அறிய அவை பெரிதும் உதவுகின்றன. ஆனால் அவை கேட்கும் கேள்விகளைக் கவனித்துப் பார்: நிறுவனத்தின் பெயர், பதவியின் பெயர், ஆண்டுச் சம்பளம். பணி நியமனக் கடிதம் கையில் உள்ளவருக்கே இந்த மூன்றுக்கும் விடை தெரியும். நம் ஊர் பனியன் கம்பெனிகளில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லருக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட், தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் பெண்ணுக்கு ஷிப்ட் கூலி, இரண்டுக்கும் வாரச் சம்பளம். ஆண்டுக்கு எத்தனை லட்சம் என்று டெய்லருக்குத் துணையாகக் கைமடிக்கு நிற்கும் பெண்ணிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அனுப்பர்பாளையம் சாலையில் மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் தாள்களை நீயும் பார்த்திருக்கிறாய். "சிங்கர் டெய்லர்கள் தேவை, தங்கும் வசதி உண்டு, சம்பளம் நேரில்" என்று இருக்கும். கைப்பேசி எண்ணைக்கூடப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சம்பளத்தை மட்டும் போடுவதில்லை.

செல்வி அக்கா சென்ற ஆடி மாதம் வேறு கம்பெனிக்கு மாறினார். பீஸுக்குச் சில பைசா கூடுதல் என்று சொன்னதை நம்பித்தான் போனார். அங்கே எடுத்ததெல்லாம் சிறிய ஆர்டர்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை ஸ்டைல் மாறும், கை பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். ரேட் கூடிய இடத்தில் வாரக் கூலி குறைந்தது. ரேட்டைக் கேட்டு எழுதினால் பொய்க்கணக்குத்தான் வரும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆகவே என் படிவத்தில் "உங்கள் சம்பளம் என்ன?" என்ற கேள்வியே இல்லை. "போன சனிக்கிழமை கைக்கு வந்தது எவ்வளவு? அந்த வாரம் எத்தனை நாள், எத்தனை ஷிப்ட் வேலை செய்தீர்கள்?" என்று மட்டுமே கேட்கிறேன். இதற்கு எவரும் யோசிக்காமல் பதில் சொல்கிறார்கள். எழுதத் தயங்குகிறவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அனுப்பலாம்.

வந்த தொகையை எட்டு மணி நேரக் கூலியாக மாற்றி, அதை வைத்தே ஒப்பிடுகிறேன். இந்தத் தளத்தின் உயிரே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவரை எடுத்துக்கொள். ஷிப்டுக்கு 500 ரூபாய் என்றால் 12 மணி நேரத்துக்கு 750 ரூபாய் தருகிறார்கள். அவரும் நல்ல கூலி என்றே வாங்கிக்கொள்கிறார். ஆனால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமோ, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் மிகைநேரத்துக்கு இரட்டிப்பு என்பது மாறவில்லை. பழைய சட்டப்படியே பார்த்தாலும் அந்த 12 மணி நேரத்துக்கு 937 ரூபாய் 50 காசு வர வேண்டும். 750-ஐயும் 937-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஒரு திரையை எந்தப் பெரிய தளமாவது அந்தத் தொழிலாளிக்குக் காட்டியிருக்கிறதா? அவர்கள் மீது குறை இல்லை. அவர்களுடைய வாடிக்கையாளர் வேறு ஆள்.

நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்களுக்கும் இதில் இடம் உண்டு. கோவை சரவணம்பட்டியில் வேலை கிடைத்திருக்கும் உன் அக்கா மகன் ஆண்டுக்கு ஆறு லட்சம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறானே, அவனை உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டு. அந்த ஆறு லட்சம் என்பது நிறுவனம் அவனுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. மாதம் 50,000, அதில் பாதி அடிப்படைச் சம்பளம், அந்த அடிப்படைச் சம்பளம் முழுவதற்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்கள், பத்து சதவீதம் ஆண்டு முடிவில் தரும் ஊக்கத்தொகை என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 3,000, பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று ஒதுக்குவது சுமார் 1,200, ஊக்கத்தொகை 5,000, அவன் பங்கு பி.எஃப். 3,000, இவை போனால் கைக்கு வருவது ஏறத்தாழ 37,800. இந்த ஆறு லட்சத்தை மற்றொருவன் கையில் வாங்கும் தொகையோடு ஒரே வரிசையில் வைத்தால் ஒப்பீடு எப்படிச் சரியாகும்? தொழில்வரியையும் சேர்த்துக்கொள். கர்நாடகத்தில் அதை மாதந்தோறும் பிடிப்பார்கள். நம் மாநிலத்தில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒரு முறை வாங்குகின்றன. ஊருக்கு ஏற்றபடி கணக்கு மாற வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். பல்லடம் பக்கம் ஒரு சிறிய யூனிட்டில் பிளாட்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறவர்களே இரண்டு பேர்தான் இருப்பார்கள். அங்கிருந்து ஒரு கூலி விவரம் வெளியே தெரிந்தால் சொன்னவர் யார் என்று சூப்பர்வைசர் அன்று மாலையே கண்டுபிடித்துவிடுவார். திங்கட்கிழமை சொன்னவருக்கு மிஷின் இருக்காது. ஆகவே நிறுவனத்தின் பெயரை நான் வெளியிடப் போவதில்லை. பகுதி, வேலை, அனுபவம் என்று மட்டுமே காட்டுவேன். ஐந்து பேருக்குக் குறைவாக விவரம் வந்த இடத்தில் எதையுமே காட்ட மாட்டேன். கைப்பேசி எண்களைச் சரிபார்த்தவுடன் அழித்துவிடுவேன். சராசரியும் போடுவதில்லை, ஒரு கட்டிங் மாஸ்டரின் சம்பளம் சேர்ந்தால் மொத்தமும் தூக்கிக் காட்டும் என்பதால் எல்லாத் தொகைகளையும் வரிசைப்படுத்தி நடுவில் வரும் மதிப்பையே எடுக்கிறேன். இதனால் தொடக்கத்தில் தளத்தில் பல கட்டங்கள் காலியாகவே கிடக்கும். கிடக்கட்டும். ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்து நிரப்பும் கட்டம் எனக்கு வேண்டாம்.

முதலாளிகள் இதைப் பார்த்துக் கூலியை ஒரே அளவில் நிறுத்திவிட்டால் என்ன செய்வாய் என்று மணி கேட்டான். நெடுநாள் யோசித்தேன். அடுத்த யூனிட்டில் என்ன ரேட் என்பது முதலாளிகளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆர்டர் எடுக்கும்போதே அந்தக் கணக்கைப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். தெரியாதவர் தொழிலாளி ஒருவரே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பையன்களுக்கு அது சுத்தமாகத் தெரியாது. அதனால் தமிழோடு இந்தியிலும் குரல் பதிவு வைக்கிறேன். செக்கிங்கில் ஒரே மேசையில் நிற்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி வித்தியாசம் இருந்தால் அதையும் தனியே காட்டப் போகிறேன். சம ஊதியச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது; எங்கள் ஊரில் அது எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். வேலை விளம்பரம் போடுகிறவர்களிடம் கட்டணம் வாங்குவேன். ஆனால் கூலியைக் குறிப்பிடாத விளம்பரத்தை எவ்வளவு கொடுத்தாலும் ஏற்க மாட்டேன். இதில் பெரிதாக வருமானம் வரும் என்ற எண்ணம் எனக்கு இல்லை, சர்வர் செலவு போனால் போதும்.

உன்னிடம் எனக்கு இரண்டு வேலைகள் ஆக வேண்டும். படிவத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தீபாவளி போனஸை வாரக் கூலியில் எப்படிப் பிரித்துச் சேர்ப்பது என்ற இடத்தில் நான் போட்டிருக்கும் கணக்கைச் சரிபார்த்துச் சொல். கணக்கில் நீ எங்களையெல்லாம் படுத்திய பாட்டை இப்போதாவது நல்லதுக்குப் பயன்படுத்து. தங்கச்சியின் இந்தி நன்றாக இருக்கும் என்று தெரியும். குரல் பதிவுக்கான கேள்விகளை அவர் ஒரு முறை வாசித்துப் பார்த்து, விடுதிப் பையன்களுக்குப் புரியும் பேச்சாக மாற்றித் தந்தால் பேருதவியாக இருக்கும். இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் போதும்.

அன்புடன்,
கதிர்