இந்த முறை கழுவவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். முட்டி வலிக்கு அம்மா பழைய எண்ணெயையே தேய்க்கிறாள். நீ வாங்கிக் கொடுத்த களிம்பு அப்படியே இருக்கிறது, கோபிக்காதே.

நேற்று சுங்கை சிப்புட் பசாரில் ஒரு கோழி வாங்கினேன். கழுவவில்லை. ஒட்டியிருந்த ரத்தத்தை டிஷ்யூவால் துடைத்தேன், இரண்டு இறகுக் குருத்தைப் பிடுங்கினேன். மஞ்சளும் உப்பும் பிசறி அம்மாவிடம் கொடுத்தேன். டிஷ்யூவைப் பையில் கட்டி வெளியே போட்டுவிட்டுச் சவுக்காரம் போட்டுக் கை கழுவினேன். "கவிச்சி அடிக்கும்" என்று அம்மா குசினிக்கும் வாசலுக்கும் நடந்தாள். அடிக்கவில்லை. இஞ்சி பூண்டு கொஞ்சம் கூடப் போட்டாள், அவ்வளவுதான்.

இதைப் போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "வேலையா இருக்கா மாமா" என்கிறார். மருந்தகத்தில் உனக்கு நாள் முழுக்க நின்றபடி வேலை, எனக்குத் தெரியும். பொங்கலன்றும் வேலைதான் போலிருக்கிறது.

உன் பாட்டி தோட்டத்து லயத்து வீட்டில் கோழி அறுத்த நாளெல்லாம் என் கண்ணில் நிற்கிறது. சுடுதண்ணீரில் முக்கி இறகு பிடுங்கி, நெருப்பில் வாட்டி, குடலை உருவி, ஏழு தண்ணீர் கழுவுவார். கரி, ரத்தம், குடல் அழுக்கு எல்லாம் போக வேண்டுமே. ஆனால் அதெல்லாம் வீட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில், வாளித் தண்ணீரை ஊற்றித்தான் நடந்தது. காய் நறுக்கியது உள்ளே. தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகு குழாய், சிங்க், வெட்டுப் பலகை எல்லாம் ஒரே மேசைக்கு வந்துவிட்டன. நான் மட்டும் லயத்து ஏழு தண்ணீரைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீட்டு டீச்சர் ஒன்று படித்துக் காட்டினார். அமெரிக்க விவசாயத் துறை 2019-ல் வெளியிட்டது. கோழியைக் கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் சிங்கில் கிருமி இருந்ததாம். சிங்கைத் தேய்த்துக் கழுவிய பிறகும் 14 விழுக்காட்டினரின் சிங்கில் மிச்சம் இருந்ததாம். 26 விழுக்காட்டினரின் பச்சைக் கீரைக்கே கிருமி போயிருக்கிறது. கழுவாதவர்களிலும் சிலர் கை சரியாகக் கழுவாமல் கீரையில் ஒட்ட வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவு. கிருமியைக் கொல்வது தண்ணீர் இல்லை, சூடுதான். உள்சதை 74 பாகை சூட்டைத் தொட வேண்டும். நம் வீட்டுப் பிரட்டல் அடுப்பில் கிடக்கும் நேரத்துக்குக் கிருமி தாங்காது. எலுமிச்சையும் காடியும் ஊற்றினால் போய்விடும் என்று நினைத்திருந்தேன், அதுவும் போகாதாம். கோழியைக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வை, மேலே வைத்தால் சாறு ஒழுகும். கையைக் கழுவு.

இதையெல்லாம் படித்தவள் நீ. நம் வம்சத்திலேயே முதலில் பல்கலைக்கழகம் போனவள். உன் பட்டமளிப்புப் படத்தைப் பார்க்காமல் இந்த வீட்டுக்குள் யாரும் நுழைய முடியாது. இருந்தாலும் போன முறை நீ வந்தபோது அத்தை, பெரியப்பா எல்லாரும் நிற்கும்போது "அப்பா, கழுவாதீங்க, தண்ணி தெறிக்கும்" என்று சொல்லியிருக்க வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா, அது வேறு.

அன்று நீ சொன்னதும் எனக்கு ரோஷம் வந்தது. உனக்குக் காட்டவே குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தேன். பக்கத்தில் அம்மா நறுக்கி வைத்த வெள்ளரிக்காய்த் தட்டு நனைந்தது. பார்த்தேன் மகளே. பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தோள் துண்டால் தட்டின் ஓரத்தைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். கொட்டியிருந்தால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும். தயிர் ஊற்றும் முன்பே உன் சின்னவன் வந்து அதிலிருந்துதான் இரண்டு துண்டு எடுத்துத் தின்றான்.

மூன்றாம் நாள் தைப்பிங்கில் அவனுக்குக் காய்ச்சல் வந்து, ரத்தமாய்ப் போய், ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஏற்றியபோது நான் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, "பிள்ளைக்கு என்ன கொடுத்தீங்க" என்று கேட்டேன். அவர் அழுதது எனக்குக் கேட்டது. பிறகுதான் பச்சைக் கோழியில் இருக்கும் கேம்பிலோபேக்டர் கிருமி என்று சோதனையில் வந்தது. அந்தக் கிருமி வயிற்றில் போய் 2 முதல் 5 நாளில்தான் வேலையைக் காட்டும் என்று டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளை சொன்னார். மூன்று நாள். கணக்கு எனக்குப் புரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவின் மேல் பழி அப்படியே கிடக்கிறது.

உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாயோ என்று ராத்திரியில் யோசிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் தைப்பிங் போகிறேன். சம்பந்தியம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவளுக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ வரும்போது கோழியை நீயே சமை. நான் வெளியே தேங்காய் துருவுகிறேன்.

சின்னவனுக்கு எடை ஏறிவிட்டதா? அதை மட்டுமாவது எழுது.

அப்பா