பாதங்களை வெட்டாதீர்கள்

பழைய தமிழ்ப் படங்களின் உரிமை வைத்திருப்பவர்களுக்கும், புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பழைய படங்களில் ஆடிய பரதநாட்டியக் கலைஞர் குமாரி கமலாவின் நடனங்களைத் தலை முதல் கால் வரை முழுசாகப் பார்க்கத் தாருங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

1934-இல் மாயவரத்தில் பிறந்தவர் கமலா. வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதம் பயின்றவர். ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) படத்தில் அவர் ஆடிய பாம்பாட்டம் பேர் வாங்கித் தந்தது. 1947 பொங்கலுக்கு ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ வந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. நாடு விடுதலை பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதியின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ ஒலிக்க, அந்தச் சிறுமி ஆடினார். அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுப் பெண்ணையும் நாட்டிய வகுப்பில் சேர்த்த பெற்றோர் ஏராளம். 1970-இல் பத்மபூஷண் வந்தது. பின்னாளில் அமெரிக்காவில் குடியேறி அங்கும் கற்றுக்கொடுத்தார். 2010-இல் அந்நாட்டின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருதும் பெற்றார்.

அந்தக் காலத்து நாட்டியக் கச்சேரிகளைப் பெரும்பாலும் யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. பரதக் கலைஞர் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைக் கொஞ்சமாவது பார்க்க 1976-இல் சத்யஜித் ராய் எடுத்த ஆவணப்படம் இருக்கிறது. சிறுவயதுக் கமலா எப்படி ஆடினார் என்பதற்கோ சினிமாவை விட்டால் சாட்சி இல்லை. சினிமாவுக்காகச் சுருக்கியதும், காமிராவுக்காக மாற்றியதும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் வழுவூர் பாணியின் துள்ளலும், சிலைபோல் சட்டென்று நிற்கும் அழகும் அந்தச் சில நிமிடங்களில்தான் மிஞ்சியிருக்கின்றன.

அவை இன்று எப்படிக் கிடைக்கின்றன என்று பாருங்கள். அன்றைய படச்சட்டம் ஏறக்குறைய சதுரம். உயரம் ஒன்று என்றால் அகலம் 1.37. இன்றைய தொலைக்காட்சித் திரையில் அது 1.78. திரை நிறைய வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டும்போது உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடுகிறது. வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்தால் ஆடுபவர் முப்பது சதவீதம் அகலமாகிறார். முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி, உட்கார்ந்ததைவிட ஆழமாகத் தெரிகிறது. தப்பித்த கொஞ்சநஞ்சப் பாதத்தின் மேல் ஓடும் எழுத்துகளும் நிறுவன முத்திரையும் வந்து உட்காருகின்றன.

நான் பரதம் கற்றுக்கொடுப்பவள். ‘குதித்து மெட்டடவு’ என்ற அடிப்படை ஆட்ட அசைவில் விரல்நுனியில் குதித்துக் குதிகாலைத் தாளத்தில் இறக்க வேண்டும். குதிகால் ஒரு மயிரிழை பிந்தினாலும் வாயால் சொல்லும் தாளச் சொல்கட்டு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். இதைக் காட்டுவதற்காக ஒரு பழைய நடனத்தை வகுப்பில் போட்டேன். எட்டு வயதுக் குழந்தை ஒருத்தி திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, “டீச்சர், கால் எங்கே?” என்றாள். முழங்காலுக்குக் கீழே படமே இல்லை. முகபாவத்தை மட்டும் பார்த்து அபிநயம் பழகலாம். பாதம் தெரியாமல், தாளத்துக்குக் கால் போடும் நிருத்தத்தை எதை வைத்துப் பழகுவது?

வேகத்திலும் கை வைக்கிறார்கள். வினாடிக்கு 24 படச்சட்டமாக எடுத்த படத்தைத் தொலைக்காட்சிக்காக 25-இல் ஓட்டினால் நான்கு சதவீதம் வேகம் கூடுகிறது, சுருதியும் ஏறிவிடுகிறது. காலப்பிரமாணத்தை, அதாவது பிசகாத தாள வேகத்தை, உயிராக நினைக்கும் கலைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பெயர்களின் கதி இன்னும் மோசம். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாரையும் போடுகிறார்கள். திரை முழுக்க ஆடுகிறவர் பெயரைப் போடுவதில்லை; ஆட்டம் கற்பித்து அமைத்துத் தந்த நட்டுவனார் பெயர் சுத்தமாகக் காணோம். பரதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவை நட்டுவனார் குடும்பங்கள். அவர்கள் சினிமாவுக்கு அமைத்துத் தந்த ஜதிகளும், அவற்றை முடித்துவைக்கும் தீர்மானங்களும் இன்று அநாமதேயமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

உரிமையாளர்களே, உங்களிடமுள்ள நல்ல பிரதியிலிருந்து நடனக் காட்சிகளையாவது வெட்டாமல், இழுக்காமல், உண்மையான வேகத்தில் வெளியிடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் தெரியட்டும். கமலா மட்டுமல்ல, பத்மினியும் வைஜயந்திமாலாவும் குசலகுமாரியும் ஆடியவையும் அப்படியே வரட்டும்.

ஆவணக் காப்பகத்தாரே, 1964 முதல் படங்களைக் காத்துவரும் உங்களால்தான் தமிழ்ப்பட நடனங்களுக்கென்று ஒரு பட்டியல் போட முடியும். எந்தப் படம், எந்த ஆண்டு, ஆடியவர், அமைத்தவர், ஜதி சொன்னவர், பிரதி எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதினால் போதும். டைட்டிலில் இல்லாத பெயர்களை நட்டுவனார் குடும்பங்களிடமும், அந்நாளில் குழுவில் ஆடியவர்களிடமும்தான் கேட்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் எண்பதைத் தாண்டியவர்கள். சென்னைக்கும் தஞ்சைக்கும் இந்த ஆண்டே ஆள் அனுப்புங்கள். சம்பளம் வேண்டாம், கூடவே வந்து எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு நாட்டிய ஆசிரியை