எக்ஸ்பொனென்ஷியல்னு எழுதியிருந்தியே

மச்சான்,

லெட்டர் கிடைச்சுது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப நிம்மதிடா. இங்க எல்லாரும் சௌக்கியம், எனக்கு முட்டிவலி மட்டும் விடமாட்டேங்குது.

ஆபீஸ்ல வேலை எக்ஸ்பொனென்ஷியலா கூடிருச்சுன்னு எழுதியிருந்தியே, அத பத்தி பேசாம இருக்க முடியல. இப்போ நியூஸ்ல, மீட்டிங்ல எல்லாம் பயங்கரமா ஏறுனா அந்த வார்த்தைய போட்டுடறாங்க. பேச்சு வழக்குக்கு அது ஓகே தான், ஆனா ஸ்கூல் கணக்குல அடுக்குக்குறி வளர்ச்சின்னு படிச்ச எக்ஸ்பொனென்ஷியல் வேற விஷயம்டா. கையில எவ்வளவு இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி கூடுற அளவும் பெருகணும், சம இடைவெளிக்கு ஒரே மடங்கு, அவ்வளவு தான். வேகமா ஏறணும்னு கட்டாயமே இல்ல, வருஷத்துக்கு 1 சதவீதம் கூட்டுவட்டி கூட எக்ஸ்பொனென்ஷியல் தான், என்ன, ரெண்டு மடங்காக கிட்டத்தட்ட 70 வருஷம் ஆகும், 7 சதவீதம்னா சுமார் 10 வருஷம். அதே நேரம் மேல இருந்து கல்ல போட்டா முதல் செகண்ட்ல ஏறக்குறைய 5 மீட்டர், ரெண்டு செகண்ட் முடியும்போது 20, மூணுல 45, வேகம் கூடிட்டே தான் போகுது ஆனா அது நேரத்தோட வர்க்கம், எக்ஸ்பொனென்ஷியல் கிடையாது.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்னா, நிஜமான எக்ஸ்பொனென்ஷியல் ஆரம்பத்துல ரொம்ப சாதுவா தெரியும், 2020ல கொரோனா வந்தப்போ கேஸ் கம்மியா தானே இருக்குன்னு எத்தன பேர் சொன்னாங்க, ஆனா 100 கேஸ் 3 நாளைக்கு ஒருக்கா ரெண்டு மடங்கானா 30 நாள்ல 1,02,400டா! பெரிய நம்பருக்கு மட்டும் அந்த வார்த்தைய வச்சுக்கிட்டா, சின்ன நம்பரா இருக்கும்போது யாருக்கும் அது ஞாபகத்துக்கே வராது. அதுக்காக இது முடிவே இல்லாம போகும்னும் இல்ல, பாக்டீரியாவுக்கு சாப்பாடு தீந்தா வளர்ச்சி நின்னுரும், பெல்ஜியத்து கணித மேதை வெர்ஹுல்ஸ்ட் 1838லயே அதுக்கு சமன்பாடு எழுதிட்டார்.

உன் வேலை போன வருஷத்த விட ரெண்டு மடங்குன்னு சொல்ற, அத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, 10, 20க்கு அப்புறம் சம அளவா கூடி 30ம் வரலாம், சம மடங்கா கூடி 40ம் வரலாம். நாலஞ்சு வருஷ கணக்கு இருந்தா அனுப்பு, லாக் ஸ்கேல்ல, அதாவது 1, 10, 100னு சம மடங்குக்கு சம இடைவெளி விடுற கிராஃப்ல போட்டு நேர்கோடா வருதான்னு பாத்துட்டு எழுதறேன், நேர்கோடா வந்தா எக்ஸ்பொனென்ஷியல் தான். அதுவரைக்கும் ராத்திரி முழுக்க உக்காந்து வேலை பாக்காதடா, உடம்ப பாத்துக்க.

உன் மச்சான்