கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை அறுவை முடிந்து இப்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, கோபித்துக்கொள்ளாதே.

பேத்திக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துக் கூட்டி வாசிப்பதில் சிரமம், அதனால் பாடத்தைக் குறைத்துவிடலாம் என்று பள்ளியில் தாளை நீட்டியதாக எழுதியிருந்தாய். உன் மகனிடம் சொல், இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று அக்காமடேஷன், அதாவது வசதி செய்துகொடுப்பது. பாடம் அதேதான், எதிர்பார்ப்பும் அதேதான். பிள்ளை அதைக் கற்கும் விதமும் காட்டும் விதமும்தான் மாறும். கூடுதல் நேரம், பெரிய எழுத்து, சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள். மற்றது மாடிஃபிகேஷன். அதில் படிக்க வேண்டியதே மாறிவிடும். வகுப்பு பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, இவளுக்கு அரையும் காலும் தெரிந்தால் போதும் என்பது அது. இரண்டையும் 'சலுகை' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே ஆகாது. 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது. அப்புறம் என்ன சலுகை?

பெயரை வைத்தும் ஏமாந்துவிடக் கூடாது. அறிவியல் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டினால் அது வசதி. அங்கே சோதிப்பது அறிவியலை. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் தேர்வில் அதையே செய்தால், சோதனையே போய்விடும். கால்குலேட்டரும் அப்படித்தான். இருபது கணக்கைப் பத்தாகக் குறைத்தால்? எல்லா வகையிலும் ஒவ்வொன்று இருந்தால் வசதி. கடினமானவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டால், பாடமே குறைந்துபோயிற்று.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன். எழுத்து அவனுக்குக் கண்முன் குதிக்கும். பாவமென்று பாடத்தைப் பாதியாக்கினேன். மதிப்பெண் ஏறியது, பெற்றோர் கையெடுத்துக் கும்பிட்டார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், ஈரத்துணி ஏன் காற்றில் சீக்கிரம் காய்கிறது என்று வாயால் கேட்டேன். ஆவியாதலை அவ்வளவு அழகாகச் சொன்னான். அந்தப் பாடத்தை அவன் புத்தகத்திலிருந்து அடித்து எடுத்தவள் நான்தான். அவனுக்குத் தேவைப்பட்டதெல்லாம் வாசித்துக் காட்ட ஒரு குரல். அதற்குள் வகுப்பு எங்கேயோ போயிருந்தது.

அதற்காக மாடிஃபிகேஷன் தப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. அறிவுசார் குறைபாடுள்ள ஒரு சிறுமி, மற்றவர்கள் நீர்ச்சுழற்சியைப் படம் வரைந்து விளக்கும்போது, கடல், மேகம், மழை என்று மூன்று அட்டைகளை வரிசைப்படுத்துவாள். அதே மேசை, அதே பாடம், அவளுக்கென்று ஓர் இலக்கு. அவளுக்கு அதுதான் நியாயம். கணக்கில் மட்டும் மாற்றம் வேண்டும், மற்ற பாடங்களில் வசதி போதும் என்கிற பிள்ளைகளும் உண்டு.

கூட்டத்துக்குப் போனால் மகனை இதைக் கேட்கச் சொல்: எந்தப் பாடத்தில் குறைக்கிறீர்கள், அதற்கு முன் என்னென்ன வசதி செய்து பார்த்தீர்கள், மறுபடி எப்போது பரிசீலிப்பீர்கள், பின்னால் சான்றிதழுக்கும் மேல்படிப்புக்கும் இது குறுக்கே நிற்குமா? கூடுதல் நேரமும் எழுத ஆளும் வகுப்புத் தேர்விலேயே பழக வேண்டும். சொல்லி எழுதவைத்துப் பழகாத பிள்ளை, பெரிய தேர்வில் அந்நியர் ஒருவர் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்ததும் வாயடைத்துப்போகும், நானே பார்த்திருக்கிறேன்.

நீ ஒரு வேலை செய். அவள் அறிவியல் புத்தகத்தில் இன்னும் நடத்தாத இரண்டு பக்கத்தை எடு. முதல் பக்கத்தை அவளே வாசித்து மூன்று கேள்விக்கு எழுதட்டும். அடுத்ததை நீ வாசி, அவள் வாயால் சொல்லட்டும். சொன்னதைச் சொன்னபடியே எழுதி, இரண்டையும் எனக்கு அனுப்பு. திருத்தாதே, உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி