ரேடியோவை அணைத்துவிட்டுப் படித்த புத்தகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மோட்டார் சைக்கிள் ஓட்டிகளைப் பற்றிய புத்தகங்கள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காரைக்குடியில் முப்பத்தொரு வருடம் டூ வீலர் பட்டறை வைத்திருந்தவன் நான். டிரையம்ப் மோட்டார் சைக்கிளில் நான்கு வருடம் உலகம் சுற்றிய டெட் சைமனைப் பற்றிக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். சேகுவேராவின் 1952 தென் அமெரிக்க மோட்டார் சைக்கிள் பயணத்தையும் உருகி உருகி எழுதியிருந்தார். ஆனால் அந்த நார்ட்டன் வண்டி சிலி நாட்டைத் தாண்டவில்லை, பாதி வழியிலேயே படுத்துவிட்டது, மீதிப் பயணம் லாரியிலும் கப்பலிலும்தான் என்பதை ஏனோ விட்டுவிட்டார். மெக்கானிக் கண்ணுக்கு அதுதானே முதலில் தெரியும்!

அதுகூடப் பரவாயில்லை. தமிழனுக்கு ஊர் சுற்றும் குணமே கிடையாது, அதனால்தான் தமிழில் இப்படிப் புத்தகங்கள் இல்லை என்று கடைசிப் பத்தியில் முடித்துவிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் இருப்பது கோட்டையூர். ஏ.கே. செட்டியார் பிறந்த ஊர். காந்தியைப் பற்றிய படச்சுருள்களுக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து 1940-இல் அதை ஆவணப்படமாக வெளியிட்டவர். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று புத்தகமே எழுதியவர். இங்கிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடந்தே போகிறார்கள். இவர்களைப் பார்த்தா ஊர் சுற்றத் தெரியாதவர்கள் என்பது?

நானே அதிகம் படித்தவன் இல்லை. ராபர்ட் பிர்சிக்கின் புத்தகத்தைத் தலைப்பில் 'மோட்டார் சைக்கிள் பராமரிப்பு' என்று இருந்ததை நம்பித்தான் வாங்கினேன். 121 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு 1974-இல் வந்த நூலாம். வால்வு கிளியரன்ஸ், அதாவது இன்ஜின் வால்வுக்கு விடும் இடைவெளி பற்றி நாலு பக்கமாவது இருக்கும் என்று பிரித்தால், மோட்டார் சைக்கிளைப் பற்றி இதில் பெரிதாகத் தகவல் கிடையாது என்று ஆசிரியரே முதலில் சொல்லிவிடுகிறார். மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும் ஒரு அப்பாவின் கதை, நடுநடுவே தத்துவம். தத்துவம் எனக்குப் பாதிதான் ஏறியது.

ஆனால் ஒரு இடத்தில் ஆடிப்போனேன். அவர் வண்டி திரும்பத் திரும்பச் சீஸ் ஆகிறது, அதாவது இன்ஜின் இறுகி நின்றுபோகிறது. பட்டறைக்குக் கொண்டுபோகிறார். அங்கே பையன்கள் ரேடியோவை அலறவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே வேலை பார்த்து வண்டியைப் பாழாக்கிவிடுகிறார்கள். கடைசியில் பார்த்தால், ஆயில் போகும் பாதையில் 25 சென்ட் பெறுமானமுள்ள ஒரு சின்னப் பின் உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கு என் பட்டறையிலும் ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது. எழுந்துபோய் அணைத்தேன். பையன்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டிய இன்னொரு ஆள் பர்ட் மன்ரோ. நியூசிலாந்தின் தென்கோடி நகரமான இன்வர்கார்கில்காரர். 1920-இல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் வண்டி, புதிதாக இருந்தபோதே மணிக்கு 55 மைல்தான் போகும். பிஸ்டனைக்கூடத் தன் கொட்டகையிலேயே பழைய தகர டப்பாவை அச்சாக வைத்து வார்த்து, அதே வண்டியை 1967-இல் அமெரிக்காவின் உப்பு வெளியில் மணிக்கு 180 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 68. உடைந்த பிஸ்டன்களையெல்லாம் ஒரு அலமாரியில் அடுக்கி, 'வேகத் தெய்வத்துக்குக் காணிக்கை' என்று எழுதி வைத்திருந்தார். எங்கள் பக்கம் அய்யனார் கோயில் காட்டுக்குள் கால் உடைந்து, காது உடைந்து நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

சரி, தமிழில் ஏன் இல்லை? ஓட்டினவர்கள் இருக்கிறார்கள், யாரும் போய்க் கேட்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நண்பனின் யெஸ்டியில், கிக்கரும் கியரும் ஒரே லீவராக இருக்குமே அந்த வண்டியில், இங்கிருந்து சென்னைக்குப் பக்கத்திலுள்ள சோழவரம் போனேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ். வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றால், காற்றில் விளக்கெண்ணெய் வாசம். சிறுவயதில் ஆத்தா மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே எண்ணெய்! ரேஸ் இன்ஜின்களுக்கும் அதைத்தான் ஊற்றுவார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது, சோழவரம் கதையாகிப் போனது. அன்றைக்கு ஓட்டியவர்களுக்கும், ராத்திரி முழுக்க விழித்திருந்து அவர்கள் வண்டியின் சிலிண்டரைக் கடைந்து கொடுத்த லேத்காரர்களுக்கும் இன்று எழுபது வயதுக்கு மேல் இருக்கும். உங்கள் நிருபர் ஒருவரை டேப் ரெக்கார்டரோடு அனுப்பினால் போதும். கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள்.

என் பங்குக்கும் ஒன்று உண்டு. ராமேஸ்வரம் போகிற வழி என்பதால் வட இந்தியாவிலிருந்து புல்லட்டில் வருகிறவர்கள் பலர் என் பட்டறையில்தான் நிற்பார்கள். மதுரையிலிருந்து கிளட்ச் பிளேட் வரும்வரை இரண்டு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் தங்கிய ஒருவர், மூன்றாம் வருடம் மனைவியோடு அதே வண்டியில் வந்தார். யார், எந்த ஊர், எங்கே போகிறார், வண்டியில் என்ன கோளாறு என்று எல்லாம் எழுதிய கணக்கு நோட்டுகள் இருபத்திரண்டு இருக்கின்றன. கிரீஸ் கறையாக இருக்கும், ஆனால் எழுத்து தெரியும். வேண்டுமென்றால் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற டூ வீலர் மெக்கானிக்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.