ஒரு முற்றிய மேரக்காய் போதும்

ஆசிரியருக்கு,

காய்கறி விலை ஏறும்போதெல்லாம் ஊட்டியில் எங்கள் வீட்டுச் சமையலைக் காப்பாற்றுவது கொல்லைப் பந்தலில் தொங்கும் மேரக்காய் என்கிற சௌசௌதான். முற்றிய காய் ஒன்றைச் சமையலறை மூலையில் வைத்தால் நுனி பிளந்து முளை எட்டிப் பார்க்கும். அதை முழுக்காயாகவே சாய்த்து, பாதி வெளியே தெரிய மண்ணில் வைத்துவிட வேண்டியதுதான்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் கொடி கருகும். செத்துவிட்டது என்று பலர் பிடுங்கி எறிவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. வேர்க்கிழங்கு உயிரோடுதான் இருக்கும். சருகும் சாணமும் போட்டு மூடிவைத்தால் கோடை மழையில் மறுபடி தழைக்கும். கொழுந்தைக்கூடப் பொரியல் செய்யலாம்.

தோட்டக்கலைத் துறையினர் உழவர் சந்தைகளில் முளைவிட்ட காய்களை மலிவாகக் கொடுத்தால், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்களும் வாசலில் ஒரு கொடி ஏற்றிவிடுவார்கள்.

– ஒரு வாசகி, ஊட்டி