தம்பிக்குத் துணை நிற்கட்டும் குடும்பம்

ஆசிரியருக்கு,

என் தம்பிக்கு 22 வயது. திருச்சி வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறான். ஆண்களுக்கு மார்பகம் பெருக்கும் ‘கைனகோமாஸ்டியா’ அவனுக்கு. அறுவை சிகிச்சை என்றாலே அப்பா, “நாலு மாதம் ஓடு, கரைந்துவிடும்” என்கிறார். பாட்டியோ பிராய்லர் கோழியைத் திட்டுகிறார்.

பருவ வயதில் பல பையன்களுக்கு வரும் இந்த வீக்கம் பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்குள் தானாக வடிந்துவிடும். அதையும் தாண்டி நீடித்தால் உள்ளே இருப்பது வெறும் கொழுப்பல்ல, இறுகிப்போன சுரப்பித் திசு. எத்தனை தண்டால் எடுத்தாலும் அது கரையாது. ஹார்மோன் பரிசோதனை செய்து, சாப்பிடும் மாத்திரைகளையும் ஜிம் ஊக்க மருந்துகளையும் விசாரித்த பிறகே மருத்துவர் கத்தியை எடுப்பார். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் சிறு கீறலிட்டுத் திசுவை நீக்குவார்கள். பிறகு சில வாரங்கள் இறுக்கமான உள்ளாடை.

காப்பீட்டில் இதைப் பெரும்பாலும் அழகு சிகிச்சை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். செலவு குடும்பத்தின் தலையில்தான். என் வளைகாப்புக்குக் குளிரூட்டிய மண்டபம் பிடித்தவர் அப்பா. இது அவரால் முடியாததல்ல. பாதிப் பணத்தை நான் தருகிறேன். ஒருமுறை அவர் தம்பியுடன் மருத்துவரிடம் போய் உட்காரட்டும்.

- ஒரு வாசகி, திருச்சி